'இல்' என்றால் 'இன்' அல்ல: ஆங்கிலத்தின் சின்னச் சொற்கள் நமக்கு ஏன் சறுக்குகின்றன

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் எங்கள் பேச்சில் ஆங்கிலம் தாராளமாகக் கலந்து கிடக்கிறது. ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), டிவிசன் (தோட்டத்தின் ஒரு பிரிவு), செக்ரோல் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு), கிளாக்கர் (கிளார்க்), டிஸ்பென்சரி (மருந்தகம்), லீவு, ஓவர்டைம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான 'லயம்' கூட 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவரத் தொடங்கிய காலம் முதல், இருநூறு வருடமாகத் துரைமாரின் மொழி எங்கள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெயர்ச்சொற்கள் வந்தன. வினைச்சொற்களும் பின்னால் ஒரு 'பண்ணு' சேர்த்துக்கொண்டு வந்தன. 'இன்', 'ஒன்', 'அட்', 'டு', 'ஃப்ரொம்' மாதிரியான சின்னச் சொற்கள் மட்டும் தங்கள் வேலையோடு வரவேயில்லை. 'ஸ்டோருக்குப் போறேன்', 'மேல் டிவிசன்ல வேலை', 'செக்ரோல்ல பேர் விழல' என்றுதான் சொல்கிறோம். சொல் அவர்களுடையது, அதை வாக்கியத்தோடு சேர்க்கும் ஒட்டு நம்முடையது.

இருநூறு வருடமாக வாசற்படி தாண்டாத அந்தச் சொற்கள்தான் இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளை ஆங்கிலத்தில் அதிகம் சறுக்க வைக்கின்றன. தோட்டத்தில் மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சொல் தெரிகிறது, காலம் தெரிகிறது, வாக்கியமும் ஓரளவு அமைகிறது. இடையில் வரும் இரண்டெழுத்துச் சொல்லில் பேனை நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு மூளை போதாததால் இது நடப்பதில்லை. நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முறையில் ஒரு பிழை இருக்கிறது. அதை விளங்கவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா, கூடை, கொழுந்து என்று மூன்று சொற்களை வரிசையாக வைத்தால் அவற்றுக்குள் ஒரு உறவும் இல்லை. 'அம்மா கூடையில் கொழுந்து போட்டாள்' என்றதும் உறவு பிறக்கிறது. அந்த உறவைக் கொடுத்தது 'இல்'. அதைக் கூடையின் வாலில் கட்டிவிட்டோம். இனி 'கூடையில் அம்மா கொழுந்து போட்டாள்', 'கொழுந்தை அம்மா கூடையில் போட்டாள்' என்று எப்படித் திருப்பினாலும் பொருள் குலையாது. வால் கூடவே போகும். இந்த வால்களைத்தான் தமிழ் இலக்கணம் வேற்றுமை உருபு என்கிறது. தொல்காப்பியம் விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமை சொல்கிறது.

ஆங்கிலத்தில் அந்த வால் பெயருக்கு முன்னால் போய்த் தலையாக நிற்கிறது. 'இன் தி பாஸ்கெட்'. தமிழில் இதற்கு முன்னிடைச்சொல் என்று பெயர் வைத்தது அதனால்தான். ஒரு காலத்தில் ஆங்கிலத்துக்கும் நம்முடையதைப் போல வால்கள் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் கல்லுக்கு 'ஸ்டான்' என்று பெயர். 'ஸ்டானெஸ்' என்றால் கல்லின், 'ஸ்டானும்' என்றால் கற்களுக்கு. முன்னிடைச்சொற்களும் அப்போதே இருந்தன. ஆனால் முழுப் பாரமும் அவற்றின் தலையில் இல்லை. பேச்சில் சொல்லின் கடைசி அசை அழுத்தமில்லாமல் தேய்ந்தது. வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களோடு மொழி கலந்தது. 1066-இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பின் வந்த சில நூற்றாண்டுகளில் அந்த வால்கள் ஏறக்குறைய எல்லாமே உதிர்ந்துவிட்டன. வால் செய்த வேலையை 'ஒஃப்', 'டு', 'வித்', 'பை' ஆகியவை எடுத்துக்கொண்டன. 'மதர்ஸ் பாஸ்கெட்' என்னும்போது கேட்கும் அந்த 'ஸ்' பழைய வாலின் மிச்சம்.

அதாவது, இணைப்பு என்ற எண்ணம் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஐந்து வயதுக்குள் எல்லா உருபையும் பிழையில்லாமல் பிடித்துவிடுகிற பிள்ளைகள் அவர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

நான் படித்த காலத்தில் கரும்பலகையில் ஒரு அட்டவணை எழுதிப் போட்டார்கள். 'கு' என்றால் 'டு', 'இல்' என்றால் 'இன்', 'ஆல்' என்றால் 'பை', 'ஓடு' என்றால் 'வித்', 'இருந்து' என்றால் 'ஃப்ரொம்'. பாடமாக்கினோம். அதே அட்டவணை இன்னும் பல கொப்பிகளில் இருக்கிறது. அது முழுப் பொய்யும் அல்ல, அதுதான் ஆபத்து. பத்துக்கு ஐந்து தடவை சரிவரும், மீதி ஐந்தில் காலை வாரிவிடும்.

'கு' ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறான். 'தம்பி தீபாவளிக்கு வீட்டுக்கு எட்டு மணி பஸ்ஸுக்கு வந்தான்' என்று சொல்வோம். மூன்று 'கு'. ஆங்கிலத்தில் 'ஹீ கேம் ஹோம் ஃபோர் தீபாவளி ஒன் தி எய்ட் ஓ குளொக் பஸ்'. தீபாவளிக்கு 'ஃபோர்', ஏனென்றால் அது வந்த நோக்கம். பஸ்ஸுக்கு 'ஒன்', ஏனென்றால் அது அவனைச் சுமந்து வந்தது. வீட்டுக்கு ஒன்றுமேயில்லை, ஏனென்றால் 'ஹோம்' என்ற சொல் 'கோ', 'கம்' போன்ற அசைவு வினைகளுக்குப் பின்னால் 'இங்கே', 'அங்கே' மாதிரி நடந்துகொள்கிறது. 'இங்கேக்கு வா' என்று நாம் சொல்வோமா? மூன்று இடத்திலும் 'டு' இல்லை. அட்டவணையை நம்பிய பிள்ளை மூன்று இடத்திலும் 'டு' போட்டிருக்கும்.

இன்னும் இருக்கிறது. 'எட்டு மணிக்கு' என்றால் 'அட்'. 'ஐம்பது ரூபாய்க்கு வாங்கினேன்' என்றால் 'ஃபோர்'. 'நாய்க்குப் பயம்' என்றால் 'அஃப்ரெய்ட் ஒஃப் டோக்ஸ்'. 'எனக்குத் தெரியும்' என்றால் 'ஐ நோ'. 'அக்காவுக்குக் காய்ச்சல்' என்றால் 'மை சிஸ்டர் ஹேஸ் எ ஃபீவர்'. கடைசி இரண்டிலும் உருபு மறைந்து, நாம் 'கு' போட்ட ஆள் எழுவாயாகிவிடுகிறார். பசி, தாகம், கோபம், விருப்பம், தெரிதல், புரிதல், பிடித்தல் எல்லாம் தமிழில் ஒருவருக்கு வந்து சேர்பவை. ஆங்கிலத்தில் அவர் அதாக இருக்கிறார், அல்லது அதை வைத்திருக்கிறார், அல்லது தானே அதைச் செய்கிறார். இதை ஒருமுறை கண்டுகொண்டால் பெரிய பாரம் இறங்கும். 'டு மீ ஹங்க்ரி' என்று எழுதும் பிள்ளை முட்டாள் அல்ல. தன் மொழியை ஒழுங்காக அறிந்த பிள்ளை.

'ஆல்' இன்னொரு பெரிய குடும்பம். கவ்வாத்துக் கத்தியால் வெட்டினார் என்றால் 'வித் எ நைஃப்'. அட்டையால் கடிபட்டான் என்றால் 'பை எ லீச்'. மழையால் மலைக்குப் போகவில்லை என்றால் 'பிகோஸ் ஒஃப் தி ரெய்ன்'. மூங்கிலால் செய்த கூடை என்றால் 'மேட் ஒஃப் பாம்பூ'. வயிற்று வலியால் அவதிப்படுகிறார் என்றால் 'சஃபரிங் ஃப்ரொம்'. என்னால் முடியாது என்றால் வெறும் 'ஐ கான்ட்'. கருவி, செய்தவர், காரணம், மூலப்பொருள், நோய், இயலாமை எல்லாவற்றையும் தமிழ் ஒரே கயிற்றில் கட்டுகிறது. ஆங்கிலம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. ஆங்கிலம் பிரிக்கும் இடத்தில் நாமும் ஒரு கணம் நின்று கேட்க வேண்டும்: இந்த 'ஆல்' கருவியா, ஆளா, காரணமா? 'ஆலுக்கு ஆங்கிலம் என்ன' என்று கேட்டால் விடையே கிடையாது.

மேலே 'மலைக்குப் போகவில்லை' என்று எழுதினேன். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: எங்களுக்கு மலை என்றால் கொழுந்து பறிக்கும் இடம். ஒவ்வொரு மலைக்கும் நம்பர் இருக்கும். 'அஞ்சாம் நம்பர் மலையில கொழுந்து' என்றால் ஆங்கிலத்தில் 'இன் ஃபீல்ட் நம்பர் ஃபைவ்'. ஆனால் கோயில் இருக்கும் மலையில் என்றால் 'ஒன் தி ஹில்'. நாங்கள் மலைநாட்டில் இருக்கிறோம் என்றால் 'இன் தி ஹில்ஸ்'. அடிவாரத்தில் என்றால் 'அட் தி ஃபுட் ஒஃப் தி ஹில்'. தமிழில் எல்லாம் 'இல்'. ஆங்கிலம் அந்த இடத்தைக் கண்ணால் எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் சொல் மாறுகிறது. சுற்றி எல்லை இருந்து உள்ளே இருந்தால் 'இன்'. மேற்பரப்பில் தொட்டுக்கொண்டு இருந்தால் 'ஒன்'. வரைபடத்தில் வைத்த புள்ளி மாதிரி என்றால் 'அட்'.

இதற்கு எங்கள் தோட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 'அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்' என்பதைப் பிள்ளைகள் 'மை மதர் வொர்க்ஸ் இன் எ டீ எஸ்டேட்' என்று எழுதுவார்கள். இலங்கையில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் ஆங்கிலத்தில் பழகிய வழக்கு 'ஒன் எ டீ எஸ்டேட்'. 'ஒன் எ ஃபார்ம்' என்பதைப் போல. ஏன்? எஸ்டேட் என்றதும் ஆங்கிலம் பேசுபவரின் மனதில் விரிந்து கிடக்கும் நிலம் வருகிறது, அதன் மேல்தான் ஆட்கள் நிற்கிறார்கள், வாழ்கிறார்கள். அஸ்ஸாமில் இதே மாதிரி இடத்தை 'டீ கார்டன்' என்பார்கள். கார்டன் என்றதும் வேலி வந்துவிடுகிறது, சொல்லும் 'இன்' ஆகிவிடுகிறது. செடியும் ஒன்று, வேலையும் ஒன்று. பெயர் மாறியதும் மனதில் தோன்றும் படம் மாறி, முன்னிடைச்சொல்லும் மாறிவிட்டது. அதே அம்மா ஸ்டோருக்குள் வேலை செய்தால் 'இன் தி ஃபேக்டரி'. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதையை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால், 'ஒன் லூல்கந்துர எஸ்டேட் இன் 1867' என்று 'ஒன்', 'இன்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். தமிழில் இரண்டுக்கும் 'இல்' போதும்.

ரயிலைப் பாருங்கள். அக்கா ஹட்டனில் இருக்கிறார் என்றால் 'இன் ஹட்டன்'. பதுளை ரயில் ஹட்டனில் நிற்கும் என்றால் 'ஸ்டொப்ஸ் அட் ஹட்டன்'. ஊர் ஒன்றுதான். அக்காவுக்கு ஹட்டன் என்பது கடைத்தெரு, கோயில், சந்தை எல்லாம் உள்ள இடம். ரயிலுக்கு அது தண்டவாளத்தில் ஒரு புள்ளி. நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி நுவரெலியா போகும் உல்லாசப் பயணிக்கு வழி சொல்லும் பையன்கள், 'அரைவ் அட் நானுஓயா ஸ்டேஷன்' என்றும் 'அரைவ் இன் நுவரெலியா' என்றும் சொல்லிப் பழகினால் போதும். 'அரைவ் டு' என்று எப்போதும் வராது. 'ரீச்' என்ற சொல்லுக்கோ ஒன்றுமே தேவையில்லை. 'தி ரெயில்வே ரீச்ட் பதுளை இன் 1924'. இந்த வாக்கியத்தில் 'பதுளைக்கு' என்ற நம் 'கு' மறைந்தே போய்விட்டது.

அந்தப் பாதையே ஒரு பாடப் புத்தகம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ரயில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் போகும்: 'ஓவர் தி பிரிட்ஜ்'. சுரங்கத்துக்கூடாகப் போகும்: 'த்ரூ தி டனல்'. தெமோதரையில் பாதை வளைந்து சுற்றிக் கீழே இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தால் வெளியே வரும்: 'அரவுண்ட்', 'டவுன்', 'அன்டர்'. இந்தச் சொற்களில் பிள்ளைகள் சறுக்குவதில்லை. காரணம் தெளிவு: தமிழிலும் மேலே, கீழே, ஊடாக, சுற்றி என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையில் கண் என்பதோடு கீழ், மேல், பின், முன், உள் என்று இடம் சொல்லும் சொற்களை அடுக்கியிருக்கிறது. படம் தெளிவாக உள்ள சொற்கள் மொழி தாண்டி எளிதாக வரும். படம் தேய்ந்த சொற்கள்தான் வராது. உயரத்தைச் சொல்லும் ஒரு வாக்கியம் மட்டும் விதிவிலக்கு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரொம்' வராது, 'அபவ் சீ லெவல்'. நாம் கடலிலிருந்து அளந்துகொண்டு மேலே ஏறுகிறோம். அவர்கள் மேலேயே நின்று கடலைப் பார்க்கிறார்கள்.

வாகனத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. எழுந்து நடக்கக்கூடிய வாகனம் என்றால் 'ஒன்': பஸ், ரயில், கப்பல். குனிந்து ஏறி உட்கார்ந்தே வரும் வாகனம் என்றால் 'இன்': கார், வேன், ஆட்டோ. நடந்து வந்தால் 'ஒன் ஃபுட்', 'பை வோக்' அல்ல. நேரத்துக்கும் ஒரு படி இருக்கிறது. மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஒன்', மாதத்துக்கும் வருடத்துக்கும் 'இன்'. சின்ன நேரம் புள்ளி, பெரிய நேரம் பெட்டி. 'ஐந்து மணி வரை' என்றால் 'அன்டில்', 'ஐந்து மணிக்குள்' என்றால் 'பை'. டிஸ்பென்சரியில் 'மூன்று நாளாகக் காய்ச்சல்' என்று சொல்ல 'ஃபோர் த்ரீ டேஸ்', 'திங்கட்கிழமையிலிருந்து' என்று சொல்ல 'சின்ஸ் மண்டே'. இவற்றை விதியாகச் சொல்லிக்கொடுக்கலாம், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

விதியாகச் சொல்ல முடியாத பக்கம் ஒன்று இருக்கிறது. அது வினையோடு ஒட்டிப் பிறந்த முன்னிடைச்சொல். 'என்னைப் பார்' என்பதில் தமிழ் 'ஐ' போடுகிறது, ஆங்கிலம் 'லுக் அட் மீ' என்கிறது. 'பாட்டைக் கேள்' என்றால் 'லிஸன் டு'. 'பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்' என்றால் 'வெய்ட்டிங் ஃபோர்'. இதற்கு நேரெதிராக, 'அவரிடம் கேள்' என்பது வெறும் 'ஆஸ்க் ஹிம்', 'அவரிடம் சொல்' என்பது வெறும் 'டெல் ஹிம்', 'சம்பளத்தைப் பற்றிக் கலந்து பேசினார்கள்' என்பது வெறும் 'டிஸ்கஸ்ட் வேஜஸ்'. 'டிஸ்கஸ் அபவுட்' என்று படித்தவர்களும் எழுதுகிறார்கள், ஏனென்றால் 'பற்றி' மனதில் நிற்கிறது. 'கேள்விக்குப் பதில் சொல்' என்பதும் வெறும் 'ஆன்ஸர் தி குவெஸ்சன்'. ஆனால் 'பதில்' பெயர்ச்சொல்லாக வந்தால் 'ஆன்ஸர் டு தி குவெஸ்சன்'. இங்கே 'ஏன்' என்று கேட்பதில் அதிகப் பலன் இல்லை. 'லிஸன்' என்ற சொல்லைக் கொப்பியில் எழுதும் அன்றைக்கே 'லிஸன் டு' என்று சோடியாக எழுதிவிட வேண்டும்.

எல்லாப் பிழையும் ஒரே எடை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 'ஃபீவர் ஃப்ரொம் மண்டே' என்றால் வைத்தியருக்குப் புரியும். ஆனால் ஒருமுறை என் மாணவி ஒருத்தி பாலர் பாடசாலை வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தாள். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் உண்டு என்று சொல்ல நினைத்து, 'லுக்கிங் ஃபோர் சில்ட்ரன்' என்று எழுதியிருந்தாள். அது பிள்ளைகளைத் தேடுவது. பராமரிப்பது 'லுக்கிங் ஆஃப்டர்'. ஒரு சின்னச் சொல்லில் இரண்டு வருட உழைப்பு வேறொன்றாகிவிட்டது. அதே மாதிரி 'ஷவுட் டு' என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி கூப்பிடுவது, 'ஷவுட் அட்' என்றால் ஏசுவது. முறைப்பாட்டுக் கடிதம் எழுதுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். திருத்துகிற ஆசிரியர்களும் பொருளை மாற்றும் பிழையை முதலில் பார்க்க வேண்டும், மற்றவற்றுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம் என்பது என் கருத்து.

சரி, இதுவரை பெயர்ச்சொல்லோடு சேர்வதைப் பார்த்தோம். முழு வாக்கியத்தையே இன்னொரு வாக்கியத்தோடு கோர்க்கும்போது என்ன நடக்கிறது?

'மழைக்குப் பிறகு', 'மழை பெய்த பிறகு' என்று தமிழில் இரண்டு வடிவம். பெயர் என்றால் 'கு' வேண்டும், வினை என்றால் பெயரெச்சம் வேண்டும். ஆங்கிலத்தில் 'ஆஃப்டர் தி ரெய்ன்', 'ஆஃப்டர் இட் ரெய்ன்ட்'. சொல் அப்படியே நிற்கிறது, பின்னால் பெயரும் வரலாம், முழு வாக்கியமும் வரலாம். பள்ளி இலக்கணத்தில் முதலாவதை முன்னிடைச்சொல் என்றும் இரண்டாவதை இணைப்புச்சொல் என்றும் பிரித்துவிடுவார்கள். 2002-இல் ரொட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம், இரண்டும் ஒரே முன்னிடைச்சொல்தான், அதன் பின்னால் வருவதுதான் வேறு என்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பிள்ளைகளுக்கும் எளிது. 'பிஃபோர்', 'அன்டில்', 'சின்ஸ்' எல்லாம் இதே குணம். 'சின்ஸ் ஏப்ரல்', 'சின்ஸ் ஐ கேம் ஹியர்'.

சில சொற்களுக்கு மட்டும் அந்தக் குணம் இல்லை. 'மழையால்' என்றால் 'பிகோஸ் ஒஃப் தி ரெய்ன்', 'மழை பெய்ததால்' என்றால் 'பிகோஸ் இட் ரெய்ன்ட்'. 'லீவில்' என்றால் 'டியூரிங் தி ஹொலிடேஸ்', 'லீவில் இருக்கும்போது' என்றால் 'வைல் ஐ வொஸ் ஒன் லீவ்'. 'டியூரிங்' பெயரோடு மட்டும் போகும், 'வைல்' வினையோடு போகும்.

'பஸ் வரும் வரை நில்' என்பதில் ஒரு நுணுக்கமான குழி இருக்கிறது. நம் 'வரும்' எதிர்கால வடிவம். அதைப் பார்த்துப் பிள்ளைகள் 'அன்டில் தி பஸ் வில் கம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'அன்டில்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்' ஆகியவற்றுக்குப் பின்னால் வரப்போகும் காலத்தைச் சொல்ல நிகழ்கால வடிவமே போதும்: 'வெய்ட் அன்டில் தி பஸ் கம்ஸ்'. இன்னொரு குழி, வினையையே பெயராக்கி வைப்பது. 'சாப்பிடாமல் வந்தான்' என்றால் 'வித்தவுட் ஈட்டிங்'. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வினை வந்தால் அது 'இங்' எடுத்துக்கொள்ளும். வேலைக்கான கடிதங்களின் கடைசி வரியில் 'ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியர்' என்று எழுதுவது இங்கேதான் பிழையாகிறது. அந்த 'டு' முன்னிடைச்சொல், ஆகவே 'டு ஹியரிங் ஃப்ரொம் யூ'.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 'நான் பஸ்ஸில் வந்தேன்' என்பதைப் பெயரெச்சமாக மாற்றினால் 'நான் வந்த பஸ்'. 'இல்' எங்கே? காணோம். 'அம்மா சாக்கில் கொழுந்து போட்டாள்' என்பது 'அம்மா கொழுந்து போட்ட சாக்கு' ஆகும்போது 'இல்' உதிர்கிறது. 'கத்தியால் வெட்டினேன்' என்பது 'நான் வெட்டிய கத்தி' ஆகும்போது 'ஆல்' உதிர்கிறது. உருபு இல்லாமலேயே நமக்குப் பொருள் விளங்குகிறது, ஏனென்றால் கேட்பவர் உலகத்தை அறிந்தவர், கத்தியை யாரும் வெட்டமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தமிழ் கேட்பவரை அவ்வளவு நம்புகிறது. ஆங்கிலம் இந்த இடத்தில் அப்படி விடாது. பெயரை முன்னால் எடுத்துக்கொண்டு போனாலும் முன்னிடைச்சொல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகும்: 'தி பஸ் ஐ கேம் ஒன்', 'தி சாக் ஷீ புட் தி லீஃப் இன்', 'தி நைஃப் ஐ கட் இட் வித்'. வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்கும் அந்தச் சொல், பெயர் எழுந்து போன பிறகும் காலியாகக் கிடக்கும் கதிரை மாதிரி. எங்கள் பிள்ளைகள் 'தி பஸ் ஐ கேம்' என்று நிறுத்திவிடுவதற்குக் கவனக்குறைவு காரணமல்ல. தமிழில் அங்கே எதுவுமில்லை என்பதால் கை தானாக நிற்கிறது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நானே பல வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

முன்னால் நிற்க வேண்டிய சொல் கடைசியில் நிற்கலாமா என்று ஆங்கிலத்துக்குள்ளேயே பழைய சண்டை ஒன்று உண்டு. 1672-இல் கவிஞர் ஜோன் டிரைடன் அப்படி முடிப்பதைக் குறையாக எழுதினார். லத்தீனில் முன்னிடைச்சொல் அப்படித் தனித்து நிற்க முடியாது. லத்தீனை மதித்த பிற்கால இலக்கண ஆசிரியர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பேசுகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லவில் எந்த வெள்ளைக்காரரிடம் பேச்சுக்கொடுத்தாலும் முதலில் வரும் கேள்வியே 'வேர் ஆர் யூ ஃப்ரொம்' என்பதுதான். அதை 'ஃப்ரொம் வேர் ஆர் யூ' என்று யாரும் கேட்பதில்லை. பதிலில் கவனம் வேண்டும். 'தலவாக்கலையிலிருந்து வருகிறேன்' என்பதை மனதில் வைத்து 'ஐ ஆம் கமிங் ஃப்ரொம் தலவாக்கலை' என்றால், இப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியதாக அவர் நினைப்பார். சொந்த ஊரைச் சொல்ல 'ஐ ஆம் ஃப்ரொம் தலவாக்கலை' போதும்.

இப்போது வகுப்பில் அந்த அட்டவணையை எழுதுவதில்லை. பிள்ளைகளை லயத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பதைச் சொல்லச் சொல்கிறேன். கூரையில் காகம், பீலியில் தண்ணீர், கதவில் பூட்டு, சுவரில் வெடிப்பு, முச்சந்தியில் பஸ். ஐந்துக்கும் தமிழில் 'இல்'. ஆங்கிலத்தில் எங்கே 'இன்', எங்கே 'ஒன்', எங்கே 'அட்' என்று அவர்களுக்குள்ளேயே வாதாடுவார்கள். சுவரில் உள்ள வெடிப்பு 'இன் தி வோல்', சுவரில் மாட்டிய கலண்டர் 'ஒன் தி வோல்' என்று ஒரு பையன் தானாகவே கண்டுபிடித்த நாளை மறக்க முடியாது. வெடிப்பு சுவருக்குள்ளே போகிறது, கலண்டர் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கையால் காட்டினான்.

போன மாதம் குடும்பத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, 'திஸ் இஸ் தி எஸ்டேட் மை க்ராண்ட்மதர் வொர்க்ட் ஒன்' என்று தொடங்கியிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அந்த 'ஒன்' எதற்கு, வெட்டிவிடு என்றாள். இவள் வெட்டவில்லை.

"அத எடுத்துட்டா பாட்டி எது மேல நின்னு கொழுந்து பறிக்கிறது?" என்று கேட்டாள்.